சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்டோட வெளிப்பக்கத்தை எப்படி பாத்து வாங்கறது: முழுமையான வழிகாட்டி

எங்க மாமன் ஒருத்தரு திருப்பூர்ல லேபிள் பிரிண்டிங் யூனிட் வெச்சிருக்காருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவருக்கு டிசைன் போடறதுக்கு சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சேத்துக் குடுத்தேன், வெள்ளைக் கலர் கேபினெட், முன்னாடி பூராம் பொடி ஓட்டை மெஷ், பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு. நாலு மாசம் கழிச்சு போன் வருது, "ஏன் மாப்ள, மத்தியானம் ஆனா பொட்டி தானா நின்னு போகுது, என்னன்னு வந்து பாரு"ன்னு. போய்ப் பாத்தா முன்னாடி மெஷ்ஷே தெரியல, பஞ்சு மேல பஞ்சு ஒட்டி தலகாணி உறை மாதிரி ஒரு படலம், நகத்துல புடிச்சு இழுத்தா ஒரே துணியா உரிஞ்சு வருது. உள்ள எல்லாம் நல்ல சாமான்தான், ஒண்ணு கூட கெட்டுப் போகல. அது மூச்சு விட எடமில்லாமத்தான் நின்னிருக்குது.

அன்னைக்கு இருந்து நான் கேபினெட் பாக்கற முறையே மாறிருச்சுங்க. உள்ள எந்த மதர்போர்டு புடிக்கும், எவ்வளவு நீளம் கிராபிக்ஸ் கார்டு புடிக்கும்னு எல்லாரும் பாக்கறோம், வெளிப்பக்கத்தை மட்டும் போட்டோல பாத்து நல்லாருக்கு நல்லால்லன்னு முடிச்சுக்கறோம். காத்து, தூசி, சூடு, நம்ம கை, கரண்ட்டு எல்லாம் போக வர வழி அந்த வெளிப்பக்கம்தான், சின்ன பொட்டில அதுல கொஞ்சம் தப்பினாலும் சமாளிக்க உள்ள எடமே இருக்காது. அதுக்கோசரந்தான் நான் பாக்கற வரிசைலயே எல்லாத்தையும் எழுதறேன்.

முதல்ல எடத்தை அளங்க

சின்ன கேபினெட்டுன்னு எதைச் சொல்றோம்? மினி ஐடிஎக்ஸ்ங்கற சின்ன மதர்போர்டு 170க்கு 170 மி.மீ., வியா கம்பெனி 2001ல கொண்டு வந்த அளவு, இன்னைக்கு வரைக்கும் அதேதான். அந்த போர்டைச் சுத்திக் கட்டற பொட்டிகள்ல 20 லிட்டருக்கு உள்ள இருக்கறதத்தான் பொதுவா சின்னதுன்னு சொல்லுவாங்க. 20 லிட்டர்னா நம்ம வீட்டுல தண்ணி கேன் இருக்குதில்லீங்களா, அந்த அளவு. கூலர் மாஸ்டர் என்ஆர்200 18.25 லிட்டர், லியான் லி ஏ4-எச்2ஓ 11 லிட்டர், ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் 7.2 லிட்டர். பேர்ல எல்லாமே சின்னதுதான், ஆனா மொதல் ஒண்ணுக்குள்ள கடைசி ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல அடங்கும்.

லிட்டர் கணக்கு சுலபம். நீளம், அகலம், உசரம் மூணையும் மி.மீ.ல பெருக்கி பத்து லட்சத்தால வகுத்தா போச்சு. இங்க ஒரு விசயம் கவனிக்கணும், சில கம்பெனி காலைச் சேத்துச் சொல்லும், சில கம்பெனி காலை விட்டுட்டுச் சொல்லும். 350, 160, 230ன்னு ஒரு பொட்டி இருந்தா 12.88 லிட்டர் வருது, அதுல கால் மட்டும் 15 மி.மீ.ன்னு கழிச்சுட்டா 12.04 தான். ஒரே பொட்டிக்கு முக்கால் லிட்டருக்கு மேல வித்தியாசம் வந்துருது, அதனால லிட்டரை வெச்சு ரெண்டு பொட்டியை ஒப்பிடாதீங்க, மி.மீ. அளவை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்க.

அப்பறம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அட்டைப்பொட்டியை வெட்டி அதே அளவுக்கு டேப் போட்டு ஒட்டி மேசை மேல வெச்சுப் பாருங்க. திருப்பூர்க்காரங்களுக்கு கார்ட்டன் பொட்டிக்கா பஞ்சம்? ரெண்டு நாள் அங்கயே இருக்கட்டும். முழங்கை இடிக்குதா, மானிட்டரை மறைக்குதா, நோட்டு வெக்க எடம் இருக்குதா, எல்லாம் ரெண்டே நாள்ல தெரிஞ்சு போகும். பின்னாடி செவுத்துக்கும் பொட்டிக்கும் நடுவால ஆறு ஏழு செ.மீ. விட்டுருங்க, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் ஒயரெல்லாம் சட்டுனு மடங்காது, அமுக்கி மடக்குனா கொஞ்ச நாள்ல சாக்கெட்டு ஆட்டம் குடுத்துரும்.

காத்து எங்க போகுது, எங்க வருது

இதுதான் பெரிய சோலி, பொறுமையா படிங்க.

பொட்டியைக் கைல வாங்குன ஒடனே ஆறு பக்கத்தையும் திருப்பிப் பாத்து எந்தப் பக்கம் ஓட்டை இருக்குது, அந்தப் பக்கம் உங்க மேசைல எதைப் பாத்து இருக்கும்னு யோசிங்க. சேன்ட்விச் மாடல்னு சொல்றோமே, போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு அதுக்கு முதுகுப் பக்கம், நடுவுல ரெண்டையும் இணைக்கற ரைசர் கேபிள், அந்த வகைல ரெண்டு பக்கவாட்டுத் தகடும் காத்து இழுக்கற வாசல்தான். அதைக் கொண்டு போய் செவுத்தோட ஒட்டி வெச்சா கார்டோட மூக்கைப் பொத்துன கணக்கு. மேசைல வலது பக்கம் செவுரு இருக்கறவங்க இந்த மாடலைத் தொடவே வேண்டாங்கறது என்னோட அபிப்ராயம்.

ஓட்டையை எப்படி எடை போடறது? கண்ணுக்கு மெஷ்ஷுன்னு தெரியறதெல்லாம் ஒண்ணில்லீங்க. தேன்கூடு மாதிரி மாத்தி மாத்திப் போட்ட வட்ட ஓட்டைக்கு ஒரு கணக்கு இருக்குது: ஓட்டையோட விட்டத்தை, ஒரு ஓட்டை நடுவுல இருந்து அடுத்த ஓட்டை நடு வரைக்கும் இருக்கற தூரத்தால வகுத்து, வந்ததை வர்க்கம் பண்ணி, 90.7ஆல பெருக்குனா எத்தனை சதவீதம் தொறந்திருக்குதுன்னு வந்துரும். 2 மி.மீ. ஓட்டை, 3 மி.மீ. இடைவெளின்னா 40 சதவீதந்தான், மீதி 60 தகடு. 3 மி.மீ. ஓட்டை, 4 மி.மீ. இடைவெளின்னா 51. ஒன்றரை மி.மீ. ஓட்டை, 2 மி.மீ. இடைவெளின்னாலும் அதே 51 தான் வரும், கணக்குல ரெண்டும் ஒண்ணு. ஆனா பஞ்சு பறக்கற எடத்துல ரெண்டும் ஒண்ணில்ல, பொடி ஓட்டைல நூல் பிசிறு குறுக்க படுத்துக்கிட்டு அடுத்த பிசிறைப் புடிச்சுக்கும், ஒரு மாசத்துல கம்பளி ஆயிரும். மாமன் யூனிட்ல நடந்தது அதுதான்.

அளக்க சங்கடமா இருந்தா செல்போன் டார்ச்சை உள்ள வெச்சுட்டு வெளிய இருந்து பாருங்க. வெளிச்சம் எங்க பளிச்சுனு வருது, எங்க மங்குது, எங்க மெஷ்ஷு மாதிரி தகட்டுல வெறும் குழி மட்டும் போட்டு ஏமாத்தியிருக்குது, எல்லாம் வெட்ட வெளிச்சமா தெரியும். முன்னாடி அழகுக்குக் கண்ணாடியோ மூடுன தகடோ போட்டு ஓரத்துல மட்டும் விரல் கனம் சந்து விட்டிருக்கற மாடல் நிறைய வருது. அந்தச் சந்தோட நீள அகலத்தை அளந்து ஃபேனோட வாய் அளவோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு 120 மி.மீ. ஃபேனுக்கு வட்டமா பாத்தாலே நூறு சதுர செ.மீ.க்கு மேல வாய் இருக்குது, 2 செ.மீ. சந்து 20 செ.மீ. நீளத்துக்கு இருந்தா கூட வெறும் 40 தான்.

அடுத்தது ஃபில்டர். ஃபில்டர் இருக்குதான்னு கேக்காதீங்க, அதை எப்படிக் கழட்டறதுன்னு கேளுங்க. கீழ ஃபில்டர் இருந்தா முன்பக்கமா இழுக்க வரணும், பின்பக்கமா உருவற மாதிரி இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒயரைப் புடுங்கி பொட்டியைத் திருப்பணும், ரெண்டாவது மாசமே யாரும் செய்ய மாட்டாங்க. காந்த பட்டி வெச்ச நைலான் ஃபில்டர்தான் நம்மூருக்கு ஏத்தது, ஒத்தக் கைல உரிச்சு ஒத்தக் கைல ஒட்டிக்கலாம். ஆனா அது ஒட்டறதுக்கு தகடு இரும்பா இருக்கணும், அலுமினியத்துல காந்தம் நிக்காது, இதை நிறையப் பேரு வாங்குன பொறகுதான் கண்டுபுடிக்கறாங்க.

தூசிலயும் ஊருக்கு ஒரு ரகம் இருக்குதுங்க. திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் பஞ்சு, அது மேலோட்டமா படியும், உரிச்சா வந்துரும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்லுக்குப் பக்கத்துல வீடுன்னா பழுப்புத் தூள், கணபதி பீளமேடு பக்கம் பட்டறைக்குள்ள வெக்கறதா இருந்தா கிரைண்டிங் பொடி, அதுல இரும்புத் துகள் வரும், அந்த எடத்துல மேலே தொறந்த கேபினெட் வெக்கவே கூடாது. உடுமலை, பல்லடம்னு பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற ஊருக்கு ஆடி மாசம் வந்தா சன்னலைத் தொறந்தாலே மண்ணு. ஆக என்னோட முடிவு என்னன்னா, பொட்டியோட தகட்டுல ஓட்டை பெருசா இருக்கட்டும், பொடி ஜல்லடை வேலையை கழட்டிப் போடற ஃபில்டர் பாத்துக்கட்டும். தகட்டுலயே பொடி ஓட்டை இருந்து அதுக்கும் பின்னாடி ஒட்டி வெச்ச வலை இருந்தா அதைச் சுத்தம் பண்ணவே முடியாது.

கால் உசரத்தையும் விட்டுறாதீங்க. அடில இருந்து காத்து இழுக்கற மாடல்னா கால் 15 மி.மீ.க்கு கொறையக் கூடாது, 20 இருந்தா நல்லது. ரப்பர் காலா, வெறும் பிளாஸ்டிக்கா, ஒட்டுனதா, திருகுனதான்னு பாருங்க, ஒட்டுன ரப்பர் சித்திரை வெயில்ல பசை எளகி நகந்து போயிரும்.

மேல் பக்கம் ஓட்டை இருந்தா அது சூடு வெளிய போற வழி. நம்ம வீடுகள்ல டிவி, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் பூ வேலை பண்ணுன துணி போத்தறது ஒரு பழக்கம், அம்மிச்சி ஆசையா தெச்சுக் குடுத்ததா இருக்கும், வேண்டான்னு சொல்ல மனசு வராது. நிறுத்தி வெச்சிருக்கறப்ப போத்துங்க, ஓடறப்ப எடுத்துருங்கன்னு பக்குவமா சொல்லி வெச்சுருங்க.

கைல புடிச்சுப் பாக்கறது

கடைக்குப் போறப்ப ஒரு சின்ன காந்தம், அளக்கற டேப்பு, ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டு எடுத்துட்டுப் போங்க. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரங்க யாராச்சும் கூட வந்தா தகடு கனம் அளக்கற வெர்னியரும் கொண்டு வரச் சொல்லுங்க.

தகட்டு நடுவுல கட்டை வெரல்ல அமுக்கிப் பாருங்க. டப்புனு உள்ள போயி டப்புனு வெளிய வந்தா 0.5, 0.6 மி.மீ. தகடு, ஃபேன் ஓடறப்ப அதுவும் சேந்து பாடும். 0.8 இருந்தா தாராளம், 1 மி.மீ. இருந்தா ரொம்ப நல்ல சாமான். அலுமினியத்துக்கு இந்தக் கணக்கு வேற, எடைல இரும்புல மூணுல ஒரு பங்கு தான் வரும், அதனால அது லேசா இருக்குதுன்னு மட்டமா நெனச்சறாதீங்க, ஒன்றரை ரெண்டு மி.மீ. இருக்குதான்னு பாருங்க. அலுமினியம் பொட்டி தானா சூட்டை இழுத்துக்கும்னு கடைல சொல்லுவாங்க, உள்ள சிப்புச் சூட்டை வாங்கிக்கற ஹீட்சிங்க் தகட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம், நடுவுல காத்து இருக்கறப்ப வித்தியாசம் சொல்லிக்கற அளவுக்கு வராது.

அடுத்தது ஓரம். பனியன் வேஸ்ட்டை எடுத்து தகட்டு ஓரம் பூராம், ஓட்டை ஓரம், ஸ்லாட்டு ஓரம்னு லேசா இழுத்துட்டு வாங்க. நூல் சிக்குன எடத்துல பிசிறு இருக்குதுன்னு அர்த்தம், அங்கதான் நாளைக்கு உங்க கை கிழியும், ஒயர் தோல் உரியும். தகடை வெட்டுனது வெட்டுன மாதிரியே விட்டிருக்காங்களா, மடக்கி விட்டிருக்காங்களான்னும் பாருங்க, மடக்குன ஓரம் கைக்கும் நல்லது, தகட்டுக்கும் பலம்.

சந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்குதான்னு விசிட்டிங் கார்டை விட்டுப் பாருங்க, மேல போயி கீழ போகலைன்னா பொட்டி முறுக்கிட்டு இருக்குது. கடப்பா கல்லு மேலயோ கண்ணாடி மேசை மேலயோ வெச்சு எதிரெதிர் மூலையை அமுக்குனா ஆடுதா? ஆடுனா கால் சமமில்ல, இல்லைன்னா சட்டமே கோணல்.

பக்கத் தகட்டைப் பத்து தடவை கழட்டி மாட்டுங்க, கூச்சப்படாதீங்க, காசு உங்களுது. ஸ்க்ரூ இல்லாம கிளிப்புல மாட்டறதெல்லாம் மொதல் தடவை சொகமா இருக்கும், அந்தக் கிளிப்பு பிளாஸ்டிக்கா இருந்தா போகப் போக தளந்துரும். பின்னாடி கைல திருகற ஸ்க்ரூ ரெண்டு, முன்னாடி கொக்கி, இந்த பழைய முறையை நான் இன்னைக்கும் பெருசா நெனைக்கறேன்.

மேல் பூச்சு

இரும்புக்கு பவுடர் கோட்டிங், அலுமினியத்துக்கு அனோடைசிங் (கரண்ட்டு விட்டு மேல்தோலைக் கெட்டியாக்கறது), அவ்வளவுதான் நல்ல வழி. பவுடர் கோட்டிங் நம்ம கோயம்புத்தூர்ல தெருவுக்குத் தெரு செய்யறாங்க, 180, 200 டிகிரில வேக வெச்சு எடுக்கறது, கலர் புடிக்கலைன்னா பழைய கேபினெட்டையே குடுத்து மாத்திக்கலாம், பிளாஸ்டிக்கு ரப்பர் எல்லாம் கழட்டிட்டு ஸ்க்ரூ மரைக்கு மட்டும் அடைப்பு வெக்கச் சொல்லி ஞாபகமா சொல்லுங்க, இல்லைன்னா மரைல பூச்சு எறங்கி ஸ்க்ரூவே ஏறாது. வெள்ளைப் பொட்டில தகடு ஒரு வெள்ளை, முன்னாடி பிளாஸ்டிக்கு ஒரு வெள்ளைன்னு இருந்தா கொஞ்ச வருசத்துல பிளாஸ்டிக்கு மஞ்சளாகி தனியா தெரியும், அதை கடை லைட்டுல பாக்காதீங்க, வாசலுக்குக் கொண்டாந்து வெயில்ல பாருங்க.

வெளித்தோற்றத்துக்குன்னே செஞ்ச பொட்டிக்கு ஒரு நல்ல பாடம் ஆப்பிளோட ஜி4 க்யூப். 2000ல வந்துச்சு, சுமார் 8 இஞ்ச் கட்டம், ஃபேனே கெடையாது, சூடு மேல் வழியா தானா போயிரும், மேல தொட்டா ஆன் ஆகற பட்டன், சுத்தியும் தெளிவான பிளாஸ்டிக் கூடு. அந்தக் கூட்டுல வார்ப்புல வந்த மெல்லிசுக் கோடு இருந்துச்சு, வாங்குனவங்க விரிசல்னு நெனச்சு சண்டைக்குப் போனாங்க. வெலையும் அதிகம், 2001 சூலைல நிறுத்திட்டாங்க. தெளிவான பிளாஸ்டிக்கு, பளபள கருப்புன்னு வாங்கறவங்க இதை நெனச்சுப் பாருங்க, குறை எதையும் அது மறைக்காது.

தொட்டா சுரீர்னு இருந்தா

மெட்டல் கேபினெட்டைத் தொட்டா லேசா சுரீர்னு ஊர்ற மாதிரி இருக்குதுன்னு நிறையப் பேரு சொல்லுவாங்க, கேபினெட்டு மேல பழி போடுவாங்க. கம்ப்யூட்டருக்கு கரண்ட்டு மாத்திக் குடுக்கற எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்ட்டு லைன்ல இருந்து பாடிக்கு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு எர்த்ல போயிரும், எர்த் இல்லைன்னா பாடில பாதி ஓல்ட்டேஜ், சுமார் 115 நின்னுக்கும். கரண்ட்டு அளவு ரொம்பக் கம்மிதான், ஆனா எர்த் இல்லைங்கறதே ஆபத்து, நாளைக்கு உள்ள ஒயர் ஏதாச்சும் பட்டா காப்பாத்த ஒண்ணும் இருக்காது. பழைய ஓட்டு வீட்டுலயும் வாடகைக் கட்டடத்துலயும் மூணு பின் சாக்கெட்டு இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. டெஸ்டரை கேபினெட்டு ஸ்க்ரூல வெச்சுப் பாருங்க, எரிஞ்சா எலக்ட்ரீசியனைக் கூப்புடுங்க. பெயிண்ட்டும் அனோடைசிங்கும் கரண்ட்டைக் கடத்தாது, அதனால தகட்டுல தெரியாம இருந்து ஸ்க்ரூலயும் யூஎஸ்பி வாய்லயும் மட்டும் சுரீர்னு இருக்கும், தகட்டைத் தொட்டுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு விட்டுறாதீங்க.

பட்டன், போர்ட்டு, கண்ணாடி

மேல் பக்கம் பாத்து வானத்தைப் பாக்கற யூஎஸ்பி வாய் இருந்தா பஞ்சும் மண்ணும் நேரா உள்ள விழும், நம்ம பக்கத்துக்கு முன்பக்க போர்ட்டுதான் ஆகும். ரெண்டு யூஎஸ்பிக்கு நடுவுல எடம் எவ்வளவுன்னு தடிப்பான பென் டிரைவ் ஒண்ணையும், டிசைன் சாஃப்ட்வேருக்கு குத்தற டாங்கிள் ஒண்ணையும் சேத்துக் குத்திப் பாருங்க. முன்னாடி டைப் சி இருந்தா சந்தோசப்படறதுக்கு முன்னாடி உங்க மதர்போர்டுல அதோட ஒயரைக் குத்தற 20 பின் ஹெடர் இருக்குதான்னு பாத்துக்கோங்க, வெல கம்மி போர்டுகள்ல இருக்காது, அப்ப அந்த ஓட்டை வெறும் அலங்காரம்.

பவர் பட்டன் உக்காந்த எடத்துல இருந்து கைக்கு எட்டணும். ஆப்பிளே 2024 மேக் மினில பவர் பட்டனை அடிப்பக்கத்துல வெச்சிருக்குது, லேசா தூக்கித்தான் அமுக்கணும், அது அஞ்சு இஞ்ச் பொட்டி, தூக்கிக்கலாம், ஏழு எட்டு கிலோ பொட்டில அப்படி முடியுங்களா? பட்டன் லைட்டு எவ்வளவு வெளிச்சம்னும் கேளுங்க, படுக்கற ரூம்ல வெக்கறதா இருந்தா ரவைக்கு தூக்கம் கெடும்.

கண்ணாடிப் பக்கம் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். எங்கக்கா ஊட்டுல கழட்டி டைல்ஸ் தரைல செவுத்தோட சாத்தி வெச்சேன், மெதுவாத்தான் வெச்சேன், ஓரம் தரைல பட்டு பொலபொலன்னு கொட்டிருச்சு. டெம்பர்டு கண்ணாடி நடுவுல அடிச்சா தாங்கும், ஓரத்துல டைல்ஸ், கடப்பா பட்டா தாங்காது. பெட்சீட்டை மடிச்சு அது மேல படுக்கப் போடுங்க.

சேத்து முடிச்சதும் கடைசி சோதனை

எல்லாம் மாட்டி ஓட விட்டு அரை மணி நேரம் கனமான வேலை குடுங்க, டெம்பரேச்சரைக் குறிச்சுக்கோங்க. அப்பறம் பக்கத் தகட்டைக் கழட்டி வெச்சுட்டு அதே வேலையை அதே அரை மணி நேரம். ரெண்டுக்கும் அஞ்சு டிகிரி வித்தியாசம்னா விட்டுரலாம், பத்துக்கு மேல போனா வெளிப்பக்கம் காத்தை அடைக்குதுன்னு நான் எடுத்துக்குவேன், ஃபேன் எந்தப் பக்கம் பாத்திருக்குதுன்னு மொதல்ல பாருங்க. அதுக்கு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மெஷ்ஷுக்கு ரெண்டு வெரக்கடை தள்ளிப் புடிச்சா போதும், புகை எங்க உள்ள இழுக்குது, எங்க வெளிய தள்ளுது, எங்க வெளிய வந்தது திரும்ப உள்ளயே போகுது, கண்ணுலயே பாக்கலாம். இதை மார்கழில பண்ணிட்டு நிம்மதியா இருக்காதீங்க, ஈரோடு கரூர்ல சித்திரைல ரூமே 38, 40 டிகிரி இருக்கும், உள்ள இருக்கற சூடும் அதே அளவு ஏறும், அதனால ரூம் டெம்பரேச்சரையும் பக்கத்துலயே எழுதி வெச்சுக்கோங்க.

மாமன் யூனிட்டுக்கு கடைசில கேபினெட்டை மாத்திட்டோம், மூணு மி.மீ. ஓட்டை இரும்புத் தகடு, முன்னாடி காந்த ஃபில்டர். சனிக்கெழமை சம்பளம் போட்டு முடிச்சதும் அங்க வேலை செய்யற பையன் ஃபில்டரை உரிச்சு கொழாய்த் தண்ணில காமிச்சு நெழல்ல காயப் போடறான். வெயில்ல போட்டா பட்டி வளைஞ்சுக்கும், ஈரத்தோட மாட்டுனா பஞ்சு சேறாட்டம் ஒட்டிக்கும். அதனால ரெண்டு செட்டு வாங்கி வெச்சுட்டோம், ஒண்ணு காயறப்ப இன்னொண்ணு மேல இருக்குது.